ஏரி கடந்து வந்தவள்

வெள்ளோடை ஏரியின் மேற்குக் கரையில் இருக்கிற எங்கள் கோரைமேட்டுக்கு அந்தக் கலங்கரை விளக்கம் நடந்து வந்து சேர்ந்தது ஒரு கார்த்திகை மாதக் காலையில், மழை விட்டிருந்த நேரத்தில். ஐஸ் கம்பெனிக்குப் பின்னால், வலை காயப்போடுகிற மேட்டுக்கும் பனைமரங்களுக்கும் நடுவே, சிவப்பும் வெள்ளையுமாய்ப் பட்டை போட்ட உடம்பில் இடுப்புவரை சேறு அப்பிக்கொண்டு, கதவிடுக்கில் நண்டுகள் மாட்டிக்கொண்டு, வெகுதூரம் வந்தவர்கள் வாசலில் நின்று கூப்பிடத் தயங்குவதைப் போல அது நின்றுகொண்டிருந்தது. முதலில் பார்த்தவள் கருவாடு காயவைக்க வந்த ஷம்ஷாத். அவள் கூடையை இறக்கி வைத்தாள், அதன் நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்தாள், தன் பாயை நிழல் படாத இடத்துக்கு இழுத்துப் போட்டு மீனைப் பரப்பினாள், அதற்கப்புறம் கையைக் கழுவிக்கொண்டு நாகபூஷணத்தின் வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். வேறு யார் வீட்டுக்கும் அவள் போகவில்லை. அது யாருக்காக வந்திருக்கிறது என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீளமாய்ப் படுத்திருக்கிற மணல்திட்டில் திட்டுக்குப்பம் என்று ஒரு ஊர் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்துச் செங்கல்லும் சுண்ணாம்புமாய் அந்த விளக்கம் அங்கேதான் நின்றிருந்தது. நாகபூஷணத்தின் புருஷன் தனக்கோட்டி, மீசை முளைத்த வயதில் அதில் வேலைக்குப் போனவர், மீசை நரைத்து அந்த வருஷம் ஆவணி மாதத்தில்தான் ஓய்வு பெற்று வீடு திரும்பினார். அவர் திரும்பிய அதே மாதம் இலாகாக்காரர்கள் கடலோரத்தில் ஒரு இரும்புக் கம்பத்தை நட்டு, வெயிலில் சார்ஜ் ஆகிற ஒரு விளக்கை அதன் தலையில் மாட்டிவிட்டு, பழைய விளக்கத்தின் கதவைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

விளக்கத்தில் குடும்பம் தங்கக்கூடாது என்பது சட்டம். அதனால் கல்யாணம் ஆன நாளிலிருந்து நாகபூஷணம் கோரைமேட்டிலும் தனக்கோட்டி திட்டிலுமாகவே காலம் போனது. லீவு நாளில் படகேறி வருவார், பித்தளை பாலிஷும் மண்ணெண்ணெயும் மணக்கும், பகல் முழுக்கத் தூங்குவார், விளக்கேற்ற நேரமாகிறது என்று மறுபடி படகேறிப் போய்விடுவார். அவர்களுக்கு ஒரு ஆண் குழந்தை பிறந்து, பல் முளைக்கிற பருவத்தில் ஜுரம் கண்டு, அவர் வந்து சேருவதற்குள் போய்விட்டது. காலையில் வந்தார், வெயில் ஏறுவதற்குள் குழந்தையைக் கொண்டுபோய்ப் புதைத்தார், கண்ணில் ஒரு சொட்டு இல்லை, சாயங்காலம் விளக்கேற்ற அக்கரைக்குப் போய்விட்டார். அன்று படகுத்துறையில் நின்று அந்தப் படகு சின்னதாகிக்கொண்டே போவதைப் பார்த்தவள், அதற்குப் பிறகு துறைப்பக்கம் போனதே இல்லை.

அப்படிப்பட்டவளுக்கு ஆவணியில் புருஷன் கிடைத்தார். காலையில் எழுந்தால் பக்கத்தில் ஆள் இருந்தது. சந்தைக்குப் போனால் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஆள் வந்தது. புரட்டாசியில் இருவரும் சேர்ந்து கூரைக்கு ஓடு மாற்றினார்கள், ஐப்பசியில் முதன்முறையாகத் தீபாவளிக்கு அவர் வீட்டில் எண்ணெய் தேய்த்துக் குளித்தார், நாகபூஷணம் முகத்தில் கொஞ்சம் சதை போட்டிருக்கிறதென்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். கார்த்திகையில் ஷம்ஷாத் வந்து, "நாகக்கா, அவுரோட லைட்டவுசு வந்துருக்கு," என்றாள்.

நாகபூஷணம் அடுப்பிலிருந்த பாலை இறக்கி வைத்தாள். திரும்பிப் பார்த்தபோது தனக்கோட்டி சட்டைகூடப் போடாமல் தெருமுனையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்.

ஊருக்கு அது பழகுவதற்கு அதிக நாள் ஆகவில்லை. ஒரு வீட்டுக்குப் புது மருமகள் வந்தால் முதல் வாரம் அவள் என்ன கொண்டுவந்தாள் என்று பார்ப்பார்கள், அடுத்த வாரம் அவளால் என்ன ஆகும் என்று பார்ப்பார்கள், அப்படித்தான் நாங்களும் பார்த்தோம். கிராம நிர்வாக அதிகாரி வந்து, அது நிற்கிற இடம் புறம்போக்கு என்பதால் ஆக்கிரமிப்பு என்று எழுதுவதா, அரசாங்கச் சொத்து அரசாங்க நிலத்தில் நிற்கிறது என்று எழுதுவதா என்று தெரியாமல் ஒரு டீ குடித்துவிட்டுப் போனார். கருவாட்டுப் பெண்கள் அதன் நிழல் நகர நகரப் பாயை நகர்த்தக் கற்றுக்கொண்டு, நிழல் ஐஸ் கம்பெனிச் சுவரைத் தொட்டால் சோறு வடிக்கிற நேரம் என்று வைத்துக்கொண்டார்கள். யாரோ அதன் காலடியில் மஞ்சளும் குங்குமமும் வைத்தார்கள், பள்ளிவாசல் ஹஜ்ரத் அந்த வழியாகப் போகும்போது நிமிர்ந்து பார்த்துவிட்டு உயரம் நல்ல உயரம்தான் என்று மட்டும் சொன்னார், பிள்ளைகள் அதன் மீது பந்தடித்தார்கள், டீக்கடை கோதண்டம் பஸ் நிறுத்தத்திலிருந்த தன் கடையை அதன் கதவுக்கு எதிரே மாற்றினான். தை பிறந்து பூநாரைகள் ஏரியில் இறங்கியதும், பறவை பார்க்க வருகிற பட்டணத்து ஜனங்கள் பறவையை விட்டுவிட்டு இதைப் பார்க்க வந்தார்கள். இது எப்படி வந்தது என்று கேட்டார்கள். நடந்து வந்தது என்று சொன்னோம். சிரித்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

அக்கரையில் திட்டுக்குப்பத்துக்காரர்களுக்கு வயிறு எரிந்தது. அவர்கள் படகில் வந்து கரைக்குக் கொஞ்ச தூரத்தில் நங்கூரம் போட்டு, இறங்காமல், சீர் கொண்டுபோய் நிச்சயம் பண்ணிய பெண்ணை வேறு வீட்டு வாசலில் பார்க்கிற மாதிரி அதைப் பார்த்துவிட்டுப் போவார்கள். அவர்கள் ஊர்த்தலைவர் தேசப்பன் ஆட்களோடு வந்து எங்களிடம் முறையாகக் கேட்டார். எங்களுடையது என்று நாங்கள் சொல்லவில்லை, கூட்டிக்கொண்டு போங்கள் என்றுதான் சொன்னோம். அவர்கள் வடம் கட்டி இழுத்தார்கள், வடம் அறுந்தது. கற்பூரம் காட்டிக் கூப்பிட்டார்கள், அது அசையவில்லை.

ஆனால் தானாக அது அசைந்தது. ராத்திரிகளில் கொஞ்சம் கொஞ்சமாக ஊருக்குள் நகர்ந்தது. மார்கழியில் ஐஸ் கம்பெனியைத் தாண்டியது, தையில் கோதண்டம் கடையை இன்னும் உள்ளே தள்ள வேண்டியிருந்தது, மாசியில் அது நாகபூஷணம் வீட்டுக் கொல்லை வேலிக்கு வெளியே வந்து நின்றது. பக்கத்து வீட்டு ஷம்ஷாத் துணி காயப்போடுகிற கொடியை வேறு பக்கம் மாற்றிக் கட்டிக்கொண்டாள், அவ்வளவுதான்.

தனக்கோட்டி காலையில் எழுந்ததும் பழந்துணியும் பாலிஷ் டப்பாவுமாய்ப் போய்விடுவார். விளக்கம் வந்த அன்றே அதன் பூட்டு தானாகத் திறந்து கிடந்தது. வளைந்து போகிற படிகளில் ஏறி, மேலே ஆள் உயர விளக்குக் கண்ணாடியைப் பட்டை பட்டையாகத் துடைப்பார், பித்தளையைத் துடைப்பார், ஜன்னலைத் துடைப்பார், பொழுது சாய்ந்தால் எண்ணெயும் இல்லாமல் கரண்டும் இல்லாமல் அவர் கை பட்டதும் அது எரியும். அதன் வெளிச்சம் ஏரி மேல் போய், பனைகள் மேல் போய், கூரைகள் மேல் போய், ஒவ்வொரு சுற்றிலும் நாகபூஷணத்தின் படுக்கையறை ஜன்னல் வழியே உள்ளே வந்து, அவள் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகும். அவள் ஜன்னலில் பழைய புடவையைக் கட்டினாள். வெளிச்சம் புடவையின் பூக்களோடு சேர்ந்து உள்ளே வந்தது. கோணிப்பை கட்டினாள். ஓட்டைகள் வழியே புள்ளி புள்ளியாக வந்தது.

அவளுடைய பொறாமையை நாங்கள் எல்லோரும் அறிந்திருந்தோம், அதை வேறொரு பெண்மேல் வருகிற பொறாமையைப் போலவே மரியாதையாக நடத்தினோம். அவள் குழாயடிக்கு வந்தால் விளக்கத்தைப் பற்றிய பேச்சை நிறுத்தினோம். அவள் சமைத்த மீன்குழம்பை அவர் ஆறிப்போன பிறகு வந்து சாப்பிடுகிறார் என்பதும், குனிந்த தலை நிமிராமல் சாப்பிடுகிறார் என்பதும், அவர் சட்டையில் மறுபடி அந்தப் பாலிஷ் வாசனை ஏறிவிட்டது என்பதும், அதை அவள் சோடா உப்புப் போட்டு அலசி அலசிப் பார்க்கிறாள் என்பதும் ஷம்ஷாத் வழியாக எங்களுக்கு வந்துகொண்டிருந்தன. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவர், "அவளுக்குக் கண்ணாடில ஒரு கீறல் உழுந்துருக்கு," என்றார்.

"யாருக்கு?" என்று நாகபூஷணம் கேட்டாள்.

அவர் தட்டைப் பார்த்தார். விளக்கத்துக்கு என்று திருத்திச் சொன்னார்.  அன்றிலிருந்து அவளும் அதை அவள் என்றே நினைக்கத் தொடங்கினாள், நினைத்த பிறகு அந்தச் சிவப்பும் வெள்ளையும் புடவையாகவும், மேலே சுற்றியிருக்கிற கம்பிவேலி வளையலாகவும், அந்த உயரம் முழுக்கத் திமிராகவும் அவளுக்குத் தெரிந்தது.

பங்குனியில் பூநாரைகள் போயின. அவற்றின் பின்னால் பட்டணத்து ஜனங்களும் போனார்கள். சித்திரையில் கடல்தண்ணீர் வருகிற கழிமுகம் மணலால் அடைத்துக்கொள்ள, ஏரி வற்றி, எங்கள் கரைக்கும் திட்டுக்கும் நடுவே வெடித்த சேறும் முழங்கால் தண்ணீரும் நடைபாதையுமாக ஆனது. வெளியாள் எவனும் எட்டிப் பார்க்காத காலம் அது. அப்போதுதான் தேசப்பன் கால்நடையாக ஏரியைக் கடந்து, தனக்கோட்டி மேலே துடைத்துக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து, நாகபூஷணத்தின் வாசலில் வந்து நின்றார்.

அவர் தண்ணீர் வாங்கிக் குடித்தார். பிறகு சுற்றி வளைக்காமல் சொன்னார்: அது எங்கள் ஊர் வேண்டாமென்று போகவில்லை, உங்கள் ஊரைத் தேடியும் வரவில்லை, ஆளைத் தேடி வந்தது, ஆள் எங்கே போனாலும் பின்னால் வரும். ஏரி வற்றியிருக்கிற இந்தச் சமயத்தில் அவரை ஒருமுறை நடத்திக் கூட்டிக்கொண்டு வந்தால் போதும், பழைய இடத்தில் அது கால் வைத்ததும் சங்கிலி போட்டு இறுக்கிவிடுவோம், சங்கிலி தயாராக இருக்கிறது.

"எங்களுக்கு எங்க லைட்டவுசு, உனக்கு உன் ஊட்டுக்காரரு. யோசன பண்ணிப் பாரும்மா," என்றார்.

அவள் யோசிக்கவில்லை. வெள்ளிக்கிழமை வருகிறோம் என்று சொல்லிவிட்டாள்.

தனக்கோட்டியிடம் அவள், நீங்கள் இத்தனை காலம் இருந்த இடத்தை நான் ஒருதடவைகூடப் பார்த்ததில்லை, காட்டுகிறீர்களா என்று கேட்டாள்.  அவர் முகம் சின்னப் பையனுடைய முகத்தைப் போல ஆனதை அவள் பார்த்தாள், ஆனாலும் வெள்ளிக்கிழமை விடியும்போது புளிசோறு கட்டிக்கொண்டு, தண்ணீர்க் குடுவையை இடுப்பில் வைத்துக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அவர்கள் ஏரிக்குள் இறங்கிக் கொஞ்ச தூரம் போவதற்குள் பின்னால் சத்தம் கேட்டது. ஈரத் துணிமூட்டையைக் கல்மேல் இழுப்பது போன்ற சத்தம். தனக்கோட்டி திரும்பிப் பார்க்கவில்லை, அவருக்குத் தெரிந்திருந்தது. நாகபூஷணம் திரும்பிப் பார்த்தாள். கோதண்டத்தின் கடைக்கூரையை உரசாமல் ஒதுங்கி, பனைகளுக்கு நடுவே உடம்பைக் குறுக்கி வந்து, கரைச்சரிவில் கவனமாக இறங்கி, அது அவர்கள் பின்னால் வந்துகொண்டிருந்தது.

அப்படி அவர்கள் மூன்று பேரும் வற்றிய ஏரியில் நடந்தார்கள். தனக்கோட்டி வாழ்நாளில் பேசாததை எல்லாம் அன்றைக்குப் பேசினார். இது இறால் குஞ்சு ஒதுங்குகிற பள்ளம், அதோ அந்த மேட்டில் ஒரு வருஷம் திமிங்கிலம் ஒதுங்கியது, இந்த இடத்தில்தான் ஒரு புயலில் படகு கவிழ்ந்து நான் கழுத்தளவு தண்ணீரில் உன் பெயரைச் சொல்லிக்கொண்டு நின்றேன் என்றார். அவளுக்கு அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது, பிடித்தும் கொண்டாள். கிழக்கே போனபோது வெயில் முகத்தில் அடித்தது. அவர் நின்று, அவளை இழுத்து, விளக்கத்துக்குப் பின்பக்கம் நடந்தால் நிழலில் போகலாம் என்றார். அவள் வரமாட்டேன் என்றாள். அவர் முந்தானையையாவது தலையில் போட்டுக்கொள் என்றார். அவள் அதுவும் செய்யாமல், அந்த நிழலின் ஓரம்கூடத் தன்மேல் படாதபடி, கொளுத்துகிற வெயிலில் முன்னால் நடந்தாள்.

நடு ஏரியில் பழைய வாய்க்கால் ஒன்று ஓடுகிறது. மேலே காய்ந்து வெடித்திருக்கும், உள்ளே களியாக இருக்கும், ஆள் மட்டும் பார்த்துப் பார்த்துக் கால் வைத்துக் கடந்துவிடலாம். கையைப் பிடித்துக்கொண்டு அவர்கள் கடந்தார்கள். பின்னால் வந்த சத்தம் நின்றது. பிறகு வேறொரு சத்தம் கேட்டது, மாடு பெருமூச்சு விடுகிற மாதிரி. விளக்கம் கதவுவரை சேற்றில் இறங்கியிருந்தது. அது ஒருமுறை முன்னால் சாய்ந்தது, ஒருமுறை பின்னால் சாய்ந்தது, பிறகு கோரைமேட்டுப் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்தபடியே நின்றுவிட்டது.

தனக்கோட்டி அவள் கையை உதறிவிட்டு ஓடினார். அறுபது வயது ஆள், செங்கல் சுண்ணாம்புக் கோபுரத்தின் மேல் தோளைக் கொடுத்துத் தள்ளினார். கையால் சேற்றை வாரி வாரி வெளியே போட்டார். வாரி எடுத்த இடத்தில் சேறு மறுபடி வந்து நிரம்பியது. அக்கரையில் தேசப்பனும் அவர் ஆட்களும் சங்கிலிகளோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள், இக்கரையில் நாங்கள் எல்லோரும் வந்து நின்றிருந்தோம், கூட்டமாகப் போனால் களி தாங்காது என்பதால் யாரும் இறங்கவில்லை. ஏரி வற்றிய காலத்தில் பேச்சு ஈரமண்மேல் வழுக்கிக்கொண்டு கரைவரை வரும். அதனால் நாங்கள் கேட்டோம்.

முதலில் கேட்டது அழுகை. தனக்கோட்டி அந்தச் சுவரைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதார். அவர் அழுது நாங்கள் யாரும் கேட்டதில்லை.

நாகபூஷணம் வாய்க்காலைத் திரும்பக் கடந்து அவர் பின்னால் போய் நின்றாள். அதுவரை அவரை நீங்கள் என்றே கூப்பிட்டவள், அன்று அதை விட்டுவிட்டாள்.

"புள்ள செத்த அன்னிக்கி நீ அழுவல," என்றாள்.

அவர் சுவரிலிருந்து முகத்தை எடுக்காமல் சொன்னார்: "அழுதேன் நாகு. அன்னிக்கிச் சாயங்காலம் இங்க வந்து அழுதேன். விளக்கேத்திட்டு, விடியிற வரைக்கும் இவகிட்ட அழுதேன்."

 காற்று எங்கள் பக்கம் திரும்பியபோது அவள் குரல் வந்தது, சண்டைக் குரலாக இல்லை, தன் பொருளைத் திருப்பிக் கேட்கிற குரலாக இருந்தது.

"அந்த அழுக என்னுது. எங்கிட்ட அழுதிருக்கணும். அத நீ கொண்டுபோயி இவகிட்டக் குடுத்துட்ட."

அவர் கைகளை எடுத்தார். சேறு அப்பிய கைகள், அவற்றை எங்கே வைப்பதென்று தெரியாதவரைப் போல முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார். நாகபூஷணம் குடுவையைச் சாய்த்து அந்தக் கைகளைக் கழுவிவிட்டாள், விரல் விரலாக, நகக்கண் விடாமல். பிறகு அங்கேயே சேற்றின் மேல் இருவரும் உட்கார்ந்தார்கள், அவர் அவள் மடியில் தலையை வைத்து, ஜுரத்தில் போன அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி இரண்டாம் முறையாக அழுதார். அவள் அழவில்லை. எந்தப் பக்கமும் திரும்பாமல், விளக்கத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்போது அவள் முகத்தில் இருந்தது வெற்றிதான் என்று கோதண்டம் சொல்வான். அவ்வளவு தூரத்திலிருந்து முகம் தெரியாது என்று ஷம்ஷாத் சொல்வாள்.

பொழுது சாய்வதற்குள் இருவரும் கோரைமேட்டுக்குத் திரும்பி நடந்தார்கள். இனி அதைத் திரும்பிப் பார்க்கமாட்டேன் என்று அவர் சொன்னார், அவள் கேட்டு அவர் சொன்னதா, அவராகச் சொன்னதா என்று தெரியாது. அன்று பொழுது சாய்ந்த பிறகு விளக்கம் எரியவில்லை. மறுநாளும் எரியவில்லை.

நடந்ததற்கெல்லாம் பின்னால் தேசப்பன் இருந்ததும், அவருக்கு அவள் வாக்குக் கொடுத்ததும் வெளியே வந்தபோது ஊரில் பலருக்கு அவள்மேல் கோபம் வந்தது. குழாயடியில் சிலர் அவளோடு பேச்சை நிறுத்தினார்கள், கோதண்டம் அவள் வீட்டு வழியாகவே தன் கடையைப் பெயர்த்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனான், அதுவும் எல்லோரும் பார்க்கிற நேரத்தில். தனக்கோட்டியிடமும் அவளே சொல்லிவிட்டாள். அவர் அதைக் கேட்டுவிட்டு, தேசப்பன் சங்கிலி நல்ல சங்கிலியாகத்தான் வைத்திருப்பான் என்று மட்டும் சொன்னதாகக் கேள்வி. ஆடியில் கழிமுகம் உடைந்து கடல் உள்ளே வந்து ஏரி நிரம்பியது. விளக்கம் தண்ணீர் நடுவே தனியாக நின்றது. அது எங்களுடையது என்று நாங்களும், தங்களுடையது என்று அவர்களும் சொல்லிக்கொண்டோம், ஆனால் மீன்பிடிக்கப் போகிறவர்கள் இரண்டு ஊர்ப் படகையும் அதன் கம்பியிலேயே கட்டினார்கள், காற்றடித்தால் இரண்டு ஊர்க்காரர்களும் அதன் மறைவிலேயே ஒதுங்கி நின்று ஒருவர் பீடியில் ஒருவர் பற்றவைத்துக்கொண்டார்கள்.

தனக்கோட்டி சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். துறைக்குப் போகவில்லை. கொல்லையில் சாப்பிட உட்கார்ந்தால் ஏரிக்கு முதுகைக் காட்டி உட்கார்வார். அவருக்கு எதிரே நாகபூஷணம் உட்கார்வாள், அதனால் அவளுக்கு ஏரி முழுக்கத் தெரியும், ஏரி நடுவே அதுவும் தெரியும். ஒவ்வொரு வாய்க்கும் ஒருமுறை அவள் கண் அங்கே போய் வரும். வேண்டாத ஒருத்தி இன்னும் தெருமுனையில் நிற்கிறாளா, போய்விட்டாளா என்று பார்ப்பதைப் போல, பார்க்காமல் இருக்க அவளால் முடியவில்லை. ஊரிலேயே அதை அதிகம் பார்த்தது அவள்தான்.

புரட்டாசியில் ஒருநாள், பொழுது சாய்ந்து, கொல்லையில் சிம்னி விளக்கை வைத்துக்கொண்டு இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வாங்கிப்போன கிண்ணத்தைத் திருப்பித் தர வந்த ஷம்ஷாத் வேலிப்படலைத் திறக்கப் போனவள், ஏரி நடுவே விளக்கம் எரிவதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். யார் கையும் படாமல் எரிந்தது. வெளிச்சம் தண்ணீர்மேல் போய், பனைகள்மேல் போய், கூரைகள்மேல் போய், வேலி தாண்டி வந்து நாகபூஷணத்தின் முகத்தில் விழுந்து நகர்ந்தது. திரும்ப வந்தது. திரும்ப நகர்ந்தது. கையில் எடுத்த சோற்றோடு அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

அவள் முகம் வெளுப்பதையும் இருள்வதையும் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த தனக்கோட்டி, திரும்பாமல், "இன்னா நாகு?" என்று கேட்டார்.

"நெலா," என்றாள் அவள். கொஞ்சம் பொறுத்து, "மேகம் மறைச்சி மறைச்சி உடுது," என்றாள்.

அன்று மகாளய அமாவாசை. காலையில் அவரே குளித்து, செத்துப்போன தாய் தகப்பனுக்குத் தர்ப்பணம் கொடுத்து, கூரைமேல் காக்கைக்குச் சோறும் வைத்திருந்தார்.

"ஆமா, மழ வரும் போலக்கீது," என்றார் தனக்கோட்டி. தட்டை அவள் பக்கம் நகர்த்தி, இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொன்னார்.